ஓர் ஆள் குறைந்தாலும் வண்டி கிளம்பாது

எங்கள் குடும்பம் ஊர் சுற்றக் கிளம்பினால் விசில் ஊதித்தான் கிளம்பும். ஊதுவது அத்தை. என் அப்பாவின் ஒரே தங்கை. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தாள். முந்நூறு பிள்ளைகளை வெயிலில் வரிசை கட்ட வைத்துப் பழகியவளுக்குப் பதினாறு சொந்தக்காரர்கள் எம்மாத்திரம்? கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில், காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ, அதற்கு மேலே கஞ்சி போட்ட பருத்திப் புடவை. இந்தக் கோலத்தில் அவள் வேன் படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, உதடு அசைய எண்ணி முடித்து, ஒரு ஊது ஊதினால்தான் டிரைவர் பாய் சாவியைத் திருப்புவார். பாய் பேகம்பூர்க்காரர். பத்து வருஷம் எங்களுக்கு அவர்தான் வண்டி ஓட்டினார். டீச்சர் ஊதாமல் கிளம்ப மாட்டார், அப்பா எத்தனை தடவை "எடுங்க பாய்" என்று சொன்னாலும்.

மே மாதச் சுற்றுலாவுக்கு அத்தை ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவாள். ஊரே உப்பு, புளி குறைத்து ஒறுத்தல் செய்துகொண்டிருக்கும்போது அவள் வீடு வீடாகப் போய், எந்த ஊர் போகலாம் என்று கேட்டு எழுதிக்கொள்வாள். எல்லோரிடமும் கேட்பாள், ஆறு வயதுப் பிள்ளையிடம்கூட. கேட்டு முடித்துவிட்டு, தான் ஏற்கெனவே நினைத்து வைத்திருந்த ஊரைத்தான் அறிவிப்பாள். ஆனாலும் ஒருவருக்கும் கோபம் வராது. நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்டாளே என்ற திருப்தியில் எல்லோரும் அடங்கிவிடுவார்கள்.

அவள் கேட்டு வந்தது ஊரை அல்ல என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது. யார் யாரோடு பேசவில்லை என்பதைத்தான் அவள் வேவு பார்த்து வந்திருக்கிறாள். வேனில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு படம் போடுவாள். பேசாமல் இருப்பவர்கள் இருவருக்கும் அடுத்தடுத்த இடம். வரப்புத் தகராறில் எட்டு மாதம் முகம் பார்க்காமல் இருந்த என் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் தேக்கடி வரைக்கும் ஒரே இருக்கையில் ஒட்ட வைத்தாள். கம்பம் தாண்டும்போது சித்தப்பா பெரியப்பா தோளில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார், எழுப்பிவிடக் கூடாதே என்று.

"நாலு மணி நேரம் ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து எந்திரிச்சா சண்டை எங்குட்டு இருக்கும்?" என்பாள் அத்தை. "வீட்டுல இருந்தா கதவச் சாத்திக்கலாம். வேன்ல எங்க சாத்துவ?"

எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு செய்கிறவள் ஒரு விஷயத்தில் மட்டும் கல்லாக இருந்தாள். ஓர் ஆள் குறைந்தாலும் டூர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் தேதி தள்ளிப் போகும். யாருக்காவது பரீட்சை என்றால் பரீட்சை முடிந்த பிறகுதான். "இந்த ஒரு தடவ அவங்கள விட்டுட்டுப் போவோமே" என்று எவராவது தொடங்கினால் அத்தையின் முகம் மாறிவிடும். என்ன இப்படிப் பிடிவாதம் என்று நான் ஒருமுறை அம்மாவிடம் அலுத்துக்கொண்டேன். அப்போதுதான் அம்மா சொன்னாள்.

மாமா இறந்தபோது அத்தைக்கு முப்பத்து மூன்று வயது. மகன் ஜெரால்டு இரண்டாம் வகுப்பு. அந்த வருஷம் வழக்கம்போல எல்லோரும் வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார்கள். துக்க வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் நன்றாக இருக்காது என்று யாரோ ஒரு பெரிய மனுஷர் சொல்ல, மற்றவர்கள் சரி என்று தலையாட்ட, தாயையும் மகனையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். திரும்பி வந்து ஆளுக்கொரு பொட்டலமாகக் கோயில் மெழுகுதிரியும் எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் தவக்காலத்தில் வந்து, "இனிமே டூர நான் போடுறேன்" என்று மட்டும் சொன்னாளாம். ஒருவரும் மறுக்கவில்லை. மறுக்க யாருக்கு முகம் இருக்கும்?

அந்தப் பிடிவாதத்தால் பலன் அடைந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. குற்றாலத்தில் ஒரு தடவை ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு வருகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவைக் காட்டி, "இவ வீட்டாளுகளுக்கு அருவியப் பாத்தாத்தான் குளிக்கணும்ங்கிற நெனப்பே வரும்" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா துண்டைப் பிழிந்து வேன் கதவில் போட்டாள். அப்புறம் ஆளைக் காணவில்லை. பஸ் நிறுத்தத்தில் தென்காசி வண்டிக்காக நின்றுகொண்டிருக்கிறாள் என்று பாய்தான் பார்த்து வந்து சொன்னார்.

"பஸ் ஏறி வந்துருவா. செத்த நேரத்துல கோவம் ஆறிரும். நாம கெளம்புவோம்" என்றார் அப்பா.

அத்தை வேனுக்குள் ஏறாமல் படியிலேயே உட்கார்ந்தாள். "அப்ப நீயும் எறங்கு அண்ணே. ரெண்டு பேருமா பஸ்ல வாங்க. இந்த வண்டி நகரணும்னா ரெண்டு பேரும் உள்ள இருக்கணும்."

"பாப்பா, புள்ளைக எல்லாம் பசியா இருக்குதுக."

"இருக்கட்டும்."

இரண்டு மணி நேரம் வேன் அங்கேயே நின்றது. கடைசியில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து போனார். என்ன பேசினாரோ, இருவரும் வரும்போது அம்மாவின் பையை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அப்பா அம்மாவின் பையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அத்தை என் கண்ணுக்கு உலகத்திலேயே பெரிய ஆளாகத் தெரிந்தாள்.

இனி ஜெரால்டு விஷயத்துக்கு வர வேண்டும். வராமல் தள்ளிக்கொண்டே போகலாம்தான், ஆனால் அத்தையைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்துவிட்டு அதை விட்டால் நான் சொல்வது பொய்.

ஜெரால்டு எனக்கு முறை மாப்பிள்ளை. சின்ன வயதிலிருந்தே எங்கள் இருவரையும் சேர்த்துக் கிண்டல் செய்வார்கள். பேச்சு வாக்கில் சொல்வதுதான். ஆனால் அப்பா அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கை மகனுக்கு மகளைக் கொடுப்பது என்பது அவர் மனதில் எழுதி முத்திரை குத்தியாகிவிட்டது. நான் கல்லூரி கடைசி வருஷம் படிக்கும்போது ஏற்காடு போனோம். வேனில் எனக்கும் ஜெரால்டுக்கும் அடுத்தடுத்த இடம். நாங்கள் ஒன்றும் சண்டை போட்டவர்கள் இல்லை. அப்பாதான் அத்தையிடம் சொல்லி அப்படிப் போட வைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். பின் இருக்கையில் சித்திகள் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஜெரால்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதடு அசையாமல் என்னிடம் சொன்னான்: "ரீட்டா, நான் ஷீலாவ விரும்புறேன். நம்ம கோயில்ல பாடுமே, அந்தப் புள்ள."

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அவனோடு பம்பரம் விட்டிருக்கிறேன், அவன் மூக்கைச் சிந்திப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அவனைக் கட்டிக்கொள்வதாக நினைத்துப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். "நல்லா இருடா" என்றேன். மலை இறங்கும்வரை இருவரும் ஷீலாவைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். சித்திகள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள்.

ஷீலாவும் எங்கள் கோயில்தான். ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் வேறு தெரு. எங்கள் ஊர்ப் பக்கம் வேறு தெரு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கோயிலுக்குள் அருகருகே முழந்தாள் போடலாம். கல்லறைத் தோட்டத்தில்கூடப் பக்கத்துப் பக்கத்தில் படுக்கலாம் என்று இப்போது வந்துவிட்டது. பெண் எடுப்பதும் கொடுப்பதும் மட்டும் ஆகாது.

இரண்டு வருஷம் கழித்து ஜெரால்டு கோயம்புத்தூரில் வேலை கிடைத்த கையோடு ஷீலாவை அங்கேயே ஒரு கோயிலில் கல்யாணம் செய்துகொண்டான். அத்தை மட்டும் போய் நின்று ஆசீர்வாதம் செய்துவிட்டு வந்தாள். அப்பா வீட்டுக்குள் நடந்த நடை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார்.

"என் மகள நம்ப வச்சு கழுத்தறுத்துட்டான்" என்றார். "வீட்டுல தங்க விக்கிரகம் மாதிரி புள்ள காத்துக் கெடக்க, அவன் எங்கயோ போயி விழுந்துட்டான். இனி அவன் இருக்குற எடத்துல நான் இருக்க மாட்டேன்."

நான் காத்துக் கிடக்கவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். "அப்பா, எனக்கு அவன் மேல ஒருநாளும் ஆசை இருந்ததில்ல, ஷீலா விஷயம் எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்" என்று சொல்லியிருந்தால் அப்பாவின் கோபத்துக்கு நிற்க இடம் இருந்திருக்காது. நான் சொல்லவில்லை. பயம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் மட்டும் அல்ல. வீடே என்னைத் தாங்கியது. சித்திகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "பாவம் இந்தப் புள்ள" என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு அது பிடித்திருந்தது. அந்த அனுதாபத்தில் நான் வேண்டாம் என்று சொன்ன இரண்டு வரன்களை அப்பா மறுபேச்சில்லாமல் தட்டிக் கழித்தார். மூன்றாவதாக ஒட்டன்சத்திரத்தில் நான் விரும்பியபடியே நல்ல மாப்பிள்ளை அமைந்தது. ஜெரால்டு பாவத்தைச் சுமந்தான், நான் சலுகையை அனுபவித்தேன்.

என் கல்யாணம் முடிந்து வந்த தவக்காலத்திலும் அத்தை கிளம்பி வந்தாள். முதலில் ஒட்டன்சத்திரத்துக்கு, என் வீட்டுக்கு. பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, "இந்த வருசம் பதினெட்டுப் பேரு" என்றாள். பதினாறோடு என் வீட்டுக்காரர் ஒன்று, ஷீலா ஒன்று.

"அப்பா ஒத்துக்குவாரா அத்தை?"

"எதுக்கு ஒத்துக்க மாட்டாரு?" என்று என்னையே பார்த்தாள். நான் வெஞ்சனத்தைக் கிண்டப் போவதுபோல அடுப்படிக்குள் போய்விட்டேன். அத்தை சாயங்காலம் வரை இருந்தாள். எந்த ஊர் என்பதைப் பற்றி மூன்று தடவை கேட்டாள். மற்றதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குடும்ப வாட்சப் குரூப்பில் ஆட்களின் பட்டியலைப் போட்டாள். கன்னியாகுமரி, இரண்டு நாள். ஜெரால்டு, ஷீலா பெயர்கள் நடுவில் சாதாரணமாக இருந்தன. எல்லோரும் கும்பிடு, பூ என்று பொம்மைகளாக அனுப்பினார்கள். அப்பா ஒன்றும் அனுப்பவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினார். அன்று காலையில்தான் அவர் ஆத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்திருந்தார்.

அத்தை குரூப்பில் ஒரே வரி எழுதினாள்: "அண்ணன் வரவில்லை. டூர் இல்லை."

அடுத்த வருஷமும் பட்டியல் வந்தது. இந்தத் தடவை அப்பா பெரிய மனசு பண்ணி இறங்கி வந்தார். "ஜெரால்டு மட்டும் வரட்டும். அவன் நம்ம ரத்தம். நான் ஒண்ணும் சொல்லல" என்று பெரியப்பாவிடம் சொல்லி அனுப்பினார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. அத்தைக்குப் படவில்லை.

"பாதி ஆள எப்படி எழுதுறது?" என்று கேட்டாள். டூர் இல்லை.

மூன்றாவது வருஷம் ஜெரால்டுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பட்டியல் பத்தொன்பது ஆயிற்று. கொடைக்கானல். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டு தூங்கின. காலையில் பாய் வண்டியோடு வந்து கோயில் முக்கில் நின்றார். அப்பா வரவில்லை. அத்தை பாயிடம் போய் ஏதோ சொன்னாள். பாய் டீச்சரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பிள்ளைகள் அழுதன. அப்போதுதான் குடும்பத்துக்குள் முதல் தடவையாக அத்தைமேல் கோபம் வந்தது. "தன் மகனுக்காக நம்ம எல்லாரையும் முடக்கிப் போடுறா" என்று சித்தி சொன்னாள். எனக்கும் கோபம் வந்தது. என் பங்குக்கு நானும் நாலு வார்த்தை சொன்னேன். அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

நான்காவது வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு புது குரூப் ஆரம்பித்தார். அதில் அத்தை இல்லை, ஜெரால்டு இல்லை. மூணாறு போகலாம் என்று முடிவாயிற்று. யார் எங்கே உட்கார வேண்டும் என்று படம் போட்டது நான்தான். நல்லாப் போட்டிருக்கே என்று எல்லோரும் பாராட்டினார்கள். பேகம்பூர் பாயைக் கூப்பிட்டால் டீச்சர் எங்கே என்று கேட்பார், அதனால் ஒட்டன்சத்திரத்திலேயே வேறு வேன் பிடித்தோம். அம்மா முந்தின நாளே சப்பாத்தி சுட்டு அடுக்கினாள். அவளுக்கும் குற்றாலம் மறந்திருக்காது. மாவைப் பிசையும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளம்புகிற நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பூசையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போக எங்களுக்கு மனசு வராது. துரோகம் செய்யலாம், பூசையை விடக் கூடாது. ஆகவே எல்லோரும் முதல் பூசை பார்த்துவிட்டு அப்படியே வேனில் ஏறுவதாக ஏற்பாடு. அத்தை எப்போதும் இரண்டாம் பூசைக்குத்தான் வருவாள். அது முடிந்ததும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு எடுப்பாள். அவள் வருவதற்குள் நாங்கள் வத்தலக்குண்டு தாண்டியிருப்போம். இப்படிக் கணக்குப் போட்டவளும் நானே. மே மாதம் மறைக்கல்விக்கு விடுமுறை என்பது பதினைந்து பேரில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

பூசை தொடங்கியபோது எங்களுக்கு முன்னால் இரண்டு பெஞ்சு தள்ளி அத்தையின் வெள்ளைப் புடவையைப் பார்த்தேன். பெண்கள் பக்கம் நாங்கள் எட்டுப் பேர், ஆண்கள் பக்கம் ஏழு பேர். எல்லோரும் ஷூ, ஜீன்ஸ், கழுத்தில் மப்ளர். பிள்ளைகளின் முதுகில் பை. எழுந்து வெளியே போகவும் முடியாது. சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னாரோ, ஒரு வார்த்தை காதில் விழவில்லை.

பூசையில் ஓரிடத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்ல வேண்டும். அத்தை திரும்பினாள். முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள். அப்புறம் பிள்ளைகளின் பைகளை. கூப்பிய கையை இறக்காமல் என்னை வணங்கினாள். பிறகு அம்மாவை, சித்திகளை, ஒவ்வொரு பிள்ளையையும். ஆண்கள் பக்கம் திரும்பி அப்பாவை, பெரியப்பாவை, என் வீட்டுக்காரரை. ஒருவரையும் விடவில்லை. எங்களில் பாதிப் பேர் கையைத் தூக்கத் தெரியாமல் நின்றோம். பாடல் தொடங்கியதும் அவள் பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது வேன் அருகில் நின்றிருந்தாள். கழுத்தில் விசில் இல்லை. எதற்கு இருக்கப் போகிறது?

"எந்த ஊரு?" என்று என்னைக் கேட்டாள்.

"மூணாறு அத்தை."

"போடி மெட்டு வழியா போங்க. அண்ணன முன்னாடி உக்கார வையி. வளைவுல அவருக்குத் தல சுத்தும்." பிறகு ஒரு பிள்ளையின் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். "போயிட்டு வாங்க" என்றாள்.

அப்பா வேனுக்கு அந்தப் பக்கம் நின்று டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்து போனாள். நாங்கள் அப்போதும் போனோம். ஒருவர்கூட, வேண்டாம், இறங்குவோம் என்று சொல்லவில்லை. நானும்தான்.

மூணாறில் இரண்டாம் நாள் காலையில் விடுதி வாசலில் அப்பா தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே மலை முழுக்கத் தேயிலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாருக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அப்பா, ஜெரால்டக் கட்டிக்கணும்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல. ஷீலா விஷயம் எனக்கு மொதல்லயே தெரியும். அவன் என்ன ஏமாத்தல."

அப்பா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "தெரியுமா? தெரிஞ்சா எதுக்கு இம்புட்டும்?"

"நான் கோயில் பேரவையில இருக்கேன். அந்தத் தெருவுல பொண்ணு எடுத்துட்டான்னு நான் வாயத் திறந்து சொல்ல முடியுமா? சாமியார் கேட்டா என்ன சொல்லுவேன்?" டீயை ஒரு மிடறு குடித்தார். "எம் மகள ஏமாத்திட்டான்னா யாரும் எதுத்துக் கேக்க மாட்டாங்க. நீயும் சும்மா இருந்தியா, எனக்கு அது வசதியாப் போச்சு."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமோ வெட்கமோ இல்லை. வயலுக்குத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்கு ஒரு திரை வேண்டியிருந்தது, நான் திரையாக நின்றிருக்கிறேன். நான் வாயைத் திறந்து விலகியிருந்தால் அவர் தன் தங்கை முன்னால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டி வந்திருக்கும், அல்லது வேனில் ஏற வேண்டி வந்திருக்கும்.

ஊர் திரும்பிய அந்த வாரமே அத்தையைப் பார்க்கப் போனேன். வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளில் கட்டியிருந்தது. கூடத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கே போகிறாளாம். ஷீலா வேலைக்குப் போகிறாள், பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

"அப்பாட்ட சொல்லிட்டேன் அத்தை."

"என்னத்த?"

"ஜெரால்டு என்ன ஏமாத்தல, எனக்கு அவன் மேல ஆசையே இல்லன்னு."

"அண்ணன் என்ன சொல்லுச்சு?"

"தெரியும்னாரு."

அத்தை உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டாள். "எனக்கும் தெரியும் தாயி. ஏற்காட்டுலருந்து நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு எறங்குனப்பவே தெரியும். கட்டிக்கப் போறவுக அப்படிச் சிரிக்க மாட்டாக. அன்னைக்கு ராத்திரியே அவன்ட்ட கேட்டேன், சொல்லிட்டான்."

"அப்ப நீங்களே அப்பாட்ட சொல்லியிருக்கலாமே அத்தை?"

"நான் சொன்னா மகனுக்குப் பரிஞ்சு பேசுறேன்னுதான் எடுத்துக்குவாங்க. நீ சொன்னாத்தான் அந்தப் பேச்சு செல்லும்." இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "வருசா வருசம் டூரு போட்டு நிறுத்துனேன்ல, அண்ணனுக்காகன்னா நெனச்ச? எங்கண்ணன் எனக்குத் தெரியாதா? இந்த வருசம் அந்தப் புள்ள சொல்லிரும், இந்த வருசம் சொல்லிரும்னு உனக்காகத்தான் போட்டேன்."

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. "அடுத்த மே மாசம் எல்லாரும் போவோம் அத்தை. ஜெரால்டுட்ட நான் பேசுறேன். ஷீலா கால்ல விழக்கூட நான் தயார்" என்றேன்.

"கூப்புடாத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "நீ கூப்பிட்டா வருவான், எனக்காக வருவான். மனசு இல்லாம வர்றவன வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகக் கூடாது. முந்தி எல்லாம் அப்படித்தான் செஞ்சேன், எல்லாரும் வந்தாப் போதும்னு. இப்ப அது தப்புன்னு தோணுது."

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். ஒட்டன்சத்திரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதில் இடது பக்கம் உட்கார், வெயில் அடிக்காது என்று சொன்னாள். ஜூன் மாதம் போய்விட்டாள். எங்கள் பக்கத்துக் கல்யாணம், சாவு எதற்கும் கூப்பிட்டால் ஒரு போன் வரும், ஆள் வருவதில்லை. அதற்குப் பிறகு எங்கள் குடும்பமும் சேர்ந்து எங்கும் போகவில்லை. பட்டியல் எழுத யாருக்கும் கை வரவில்லை.

நான் ஒரு வார்த்தை பேசுவேன் என்று ஒரு மனுஷி மூன்று கோடைகள் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் பேசியது நான்காவது கோடையில், அவளை விட்டுவிட்டுப் போன ஊரில்.